ஆற்றின் உழைப்பைக் காற்றின் கணக்கில் எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் 'நீர், காற்று, பனி மூன்றும் ஒரே விதமாகத்தான் நிலத்தைத் தேய்க்கின்றன' என்று ஒரு வரி. எழுதியவருக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். பல வருஷம் பள்ளியில் புவியியல் நடத்திய எனக்கு அதைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

தாங்கள் அறியாததல்ல. மலையில் ஓடும் ஆறு கீழ்நோக்கி அறுக்கும். பள்ளத்தாக்கு வி வடிவில் குறுகி இறங்கும். பனியாறு பள்ளத்தாக்கையே நிறைத்துக்கொண்டு நகர்வதால் அடியையும் பக்கங்களையும் சேர்த்துச் சுரண்டி யு வடிவமாக்கிவிடும். பனிக்கட்டி பாறையைவிட மென்மையானது, தனியாக அதைக் கீற முடியாது. அடியில் உருகும் நீர் பாறை வெடிப்புகளில் புகுந்து மறுபடி உறைய, நகரும் பனி கற்களைப் பெயர்த்தெடுக்கிறது. பெயர்த்த கற்களை அடியில் பதித்துக்கொண்டு உப்புத்தாள் மாதிரி தேய்த்துக்கொண்டே போகிறது. காற்றுக்கு அவ்வளவு தெம்பு ஏது? மணலைப் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு மேல் தூக்காது. பாலைவனப் பாறைகள் அடியில் மட்டும் தேய்ந்து காளானாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். (தூசி வேறு கதை. சகாராவின் தூசி அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசான் வரை போய் விழுகிறது.) பாலைவனத்தில்கூட, எப்போதோ பெய்யும் மழையின் வெள்ளம் செதுக்கியது ஏராளம். இதெல்லாம் ஒரே விதமா?

இந்த ஒரு வரியோடு போயிருந்தால் சும்மா இருந்திருப்பேன். முன்பு அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குப் படத்துக்குக் கீழே 'காற்றின் கைவண்ணம்' என்று போட்டீர்கள். 446 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாக அறுத்தது கொலராடோ ஆறு. பெயரைக் காற்று தட்டிக்கொண்டு போனது. மாணவன் ஒருவன் அதையே தேர்வில் எழுதிவிட்டு, தங்கள் இதழைக் கையில் பிடித்தபடி மதிப்பெண் கேட்டு வந்தான். "அச்சுல வந்திருக்கே சார்!" என்றான். அவனுக்கு நான் என்ன சொல்ல?

அப்புறம் நார்வேயின் சோக்னெ ஃபியார்டை, அதாவது மலைகளுக்கு நடுவே கடல்நீர் புகுந்து நிற்கும் நீண்ட பள்ளத்தாக்கை, கடலலை குடைந்ததாக ஒரு கட்டுரை. 1,300 மீட்டர் ஆழத்தில் அலைக்கு என்ன வேலை? உட்பகுதி அத்தனை ஆழமாகவும் கடலைச் சேரும் வாய்ப்பகுதி ஆழம் குறைந்தும் இருப்பதே அது பனியாற்றின் வேலை என்று காட்டிக்கொடுக்கிறதே! அதற்கும் கடிதம் போட்டேன். பதில் வராததைக் குறையாகச் சொல்லவில்லை. குறுக்கெழுத்துப் போட்டிக்கே இடம் போதாமல் தாங்கள் தவிப்பது தெரிகிறது.

சரி, நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த இதழில் அதே அறிவியல் பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்தை மட்டும் 'வாசகர் கருத்து' என்று வெளியிட்டுக் கணக்கை முடித்துவிட வேண்டாம். ஆறு எதை அறுத்தது என்பது என் கருத்து அல்ல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்