கல்யாணத்தைப் பற்றி அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன்னிடம் போனில் பேசி அழுதுவிட்டு, "நீங்களே கேளுங்கள்" என்று அம்மா போனை என்னிடம் நீட்டினாள். போனில் எனக்குப் பேச வராது, உனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தத் தம்பியும் நீயும் ஒரே வீட்டில் இருக்கப் போகிறீர்கள், கல்யாணம் வேண்டாம், இந்தக் காலத்தில் அதற்கு என்ன மதிப்பு என்று கேட்டாயாம். சேர்ந்து இருப்பது உங்கள் விஷயம். ஊர் ஒரு மாதம் பேசும், அப்புறம் அதற்கு வேறு வீட்டுக் கதை கிடைத்துவிடும். சட்டமும் தடுக்கவில்லை, வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று குஷ்பு வழக்கில் 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மதிப்பைப் பற்றிக் கேட்டாய் பார், அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். சார்பதிவாளர் நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவனுக்கு அந்த உரிமையாவது உண்டு.

கல்யாணம் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் குறைகிறது. நல்லதுதான். ஆனால் ஆடம்பரம் குறைந்த மாதிரித் தெரியவில்லை. கடன் வாங்கி மண்டபம் பிடித்து, தலைக்கு மேலே ட்ரோன் கேமராவைப் பறக்கவிட்டு, கல்யாணத்தைப் பதிவு செய்ய மட்டும் மறந்துவிட்டு, பாஸ்போர்ட்டுக்குத் தேவைப்படும்போது ஓடி வருவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று 2009-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது.

உன் தாத்தா பாட்டி கல்யாணத்தில் ஐயர் கிடையாது, மாலை மாற்றிக்கொண்டதோடு சரி. அப்படி நடந்தது செல்லாது என்று ஐம்பதுகளில் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. 1967-இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்த பிறகுதான், அதற்கு முன்னால் நடந்தவையும் சேர்ந்து செல்லுபடி ஆயின. மந்திரமே வேண்டாம் என்ற மனிதர்கள், சட்டம் தங்களைக் கணவன் மனைவி என்று ஏற்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. தாத்தாவிடம் இந்தப் பேச்சை எடுத்தால் குரல் தானாக உயரும்.

கல்யாணம் பண்ணாமலே ஒருவரோடு சேர்ந்து வாழ்ந்த ஒரு அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார்கள். மஞ்சப்பையில் சமையல் கேஸ் புத்தகம், மின் கட்டண ரசீது, திருச்செந்தூர் ஸ்டுடியோவில் இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ. கூட வாழ்ந்தவர் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். வங்கியில் வாரிசுச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். அதற்குத் தாலுகா அலுவலகத்தில் திருமணச் சான்று கேட்டிருக்கிறார்கள். "ஐயா, இப்பவாவது பதிவு பண்ணித் தர முடியுமா?" போட்டோவை மேசையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். இறந்தவர் கையெழுத்துப் போட முடியாதே. சான்றிதழ் அவருடைய தாயார் பெயரில் வந்தது. சட்டப்படி அது சரிதான். நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தவர்களைக் கணவன் மனைவியாகவே கருதலாம் என்று தீர்ப்புகள் உண்டு; ஆனால் அதற்கு வக்கீல் வைத்து வழக்கு நடத்த வேண்டும். மஞ்சப்பையோடு வருகிறவர்கள் எங்கே போவார்கள்?

பதிவு செய்தால் எல்லாம் நியாயமாக நடந்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தைப் படித்துப் பார். கல்யாணமான பெண் தானே சம்பாதித்து வாங்கிய வீடு, உயில் எழுதாமல் போனால், கணவனும் பிள்ளைகளும் இல்லாதபோது கணவன் வீட்டாருக்குத்தான் முதலில் போகும். பெற்றவர்கள் அதற்குப் பிறகுதான். இதைத் தெரிந்துகொண்டு ஒரு பெண் கல்யாணம் வேண்டாம் என்றால் நான் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் நீ இதையெல்லாம் யோசித்துச் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை. உன் சிநேகிதி விவாகரத்துக்காகக் கோர்ட்டுக்கு அலைந்ததைப் பார்த்த பயத்தில் சொல்கிறாய். அந்தப் பயமும் நியாயம்தான்.

பதிவு செய்துகொள்வதானால் இங்கே வாருங்கள். மண்டபம் வேண்டாம், பத்திரிகை வேண்டாம். நாலு பேர் முன்னால் மாலையோ மோதிரமோ மாற்றினால் 7-ஏ-க்குப் போதும். ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வேண்டாம் என்றால், இருவரும் ஆளுக்கொரு உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, இரண்டு சாட்சி போதும். வங்கிக் கணக்கு, பி.எஃப்., இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் நாமினி யார் என்று பார். உன்னுடையதில் இன்னும் என் பெயர்தான் இருக்கும். நாமினி போட்டாலும் உயில் வேண்டும். வங்கியில் பணத்தை வாங்குகிறவர் நாமினி, அது யாருக்குச் சேரும் என்பது வேறு கணக்கு.

அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தத் தம்பியை நேரில் பார்த்தால் பாதி சரியாகிவிடுவாள். தீபாவளிக்கு ரயிலில் இரண்டு டிக்கெட்டாகப் போடு. 60 நாளுக்கு முன்னாலேதான் திறக்கிறார்கள், காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிடு.

அன்புடன்,
அப்பா