வெள்ளிக்கிழமை மதியம் கண்மாய்க்கரைக்கு: பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்க்கரை ஊர்களில் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,

வணக்கம். மேலூர்ப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை மதியம், ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் கண்மாய்க்கரையில் நடக்க வேண்டும்.

இதை ஏன் உங்களிடம் கேட்கிறேன், அதிகாரிகளிடம் கேட்கவில்லை? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் வேலையை உங்கள் குழுவிடம்தான் கொடுத்திருக்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துப் போவதற்கான குழு இல்லை அது.

"படிக்க அனுப்புனோமா, கரையில சுத்த அனுப்புனோமா?" இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. நான் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போன முதல் வருடமே ஒரு அப்பா மேலே மனு எழுதினார். விளக்கம் கேட்டு எனக்குத் தாள் வந்தது. ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு கரும்பலகையோடு இருந்தேன். அந்த அப்பா மீது எனக்கு வருத்தமில்லை, கரையில் என்ன நடக்கிறது என்று நான் அவரிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். அதனால் இப்போது சொல்கிறேன்.

சரிவகத்தின் பரப்பளவு என்றொரு பாடம் உண்டு. இரண்டு இணைப் பக்கங்களின் கூடுதலில் பாதியை உயரத்தால் பெருக்க வேண்டும். பலகையில் போட்டால் பரீட்சை வரைக்கும் நிற்கும். கண்மாய்க் கரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததாக நினைத்துக்கொண்டால் அதுவும் சரிவகம்தான். முடிச்சுப் போட்ட கயிற்றோடு போய் அளந்தோம். மேலே 3 மீட்டர், அடியில் 11 மீட்டர், உயரம் 4 மீட்டர். பரப்பு 28 சதுர மீட்டர். பத்து மீட்டர் நீளக் கரைக்கு 280 கன மீட்டர் மண். "அது எத்தனை யூனிட் சார்?" என்று ஒருவன் கேட்டான். நம்மூரில் மண்ணுக்குக் கணக்கு யூனிட்தானே, ஒரு யூனிட் 100 கன அடி. போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட 99 யூனிட். பத்து மீட்டருக்கே நூறு டிராக்டர் லோடு! கரை நெடுகிலும் பார்த்தார்கள், மறுபடி பார்த்தார்கள். டிராக்டர் இல்லாத காலத்தில் இதைக் கூடையில் சுமந்தவர்கள் யார், கூலி என்ன என்று அடுத்த கேள்வி வந்தது. அது வரலாற்றுப் பாடம். நான் கணக்கு வாத்தியார், பாதி பதில்தான் தெரியும்.

அப்படித்தான் ஒன்றிலிருந்து ஒன்று கிளம்பும். கண்மாய்க்குள் தண்ணீர் நிற்கும் உள்வாயிலிருந்து ஒரு பிடி கரம்பை மண்ணைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வைத்தால் மணல் அடியில், வண்டல் நடுவில், களி மேலே படியும். கோடையில் ஏன் கரம்பையை அள்ளி வயலுக்கு அடிக்கிறார்கள் என்பது அதிலேயே தெரியும். மேலூர் வரை வரும் பெரியாற்றுத் தண்ணீரின் வழியைப் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால், மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீரை 1895இல் ஓர் அணை கட்டி, மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பிய கதையில் போய் நிற்போம்.

தண்ணீர் பயம் உங்களுக்கு இருக்கும். இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளை எங்கே போகிறான் என்று யோசித்துப் பாருங்கள். தூண்டிலோடு அதே கண்மாய்க்குத்தான். ஆளை விழுங்குவது பெரும்பாலும் கண்மாய் இல்லை, கிராவல் அள்ளிய பள்ளம். தண்ணீர் நிறைந்தபின் எது தரை, எது பள்ளம் என்று மேலே தெரியாது. சித்திரை, வைகாசியில் காய்ந்து கிடக்கும்போதே பிள்ளைகள் நடந்து போய்ப் பள்ளங்களை அளந்து படம் வரைந்து பள்ளிச் சுவரில் ஒட்டினால், ஐப்பசியில் அது உயிரைக் காக்கும். நிறைகண்மாய் மாதங்களில் யாரும் கரையை விட்டு இறங்கக் கூடாது. முன்னால் ஒரு அம்மா, பின்னால் ஒரு அம்மா, நடுவில் வரிசை. எந்த அம்மா என்றைக்கு என்பதையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொரு சந்தேகம் இருக்கிறது, வாய்விட்டு யாரும் கேட்பதில்லை. 'இது பழைய குலக்கல்வியா?' சென்னை மாகாணத்தில் 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைக்குப் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில். எதிர்ப்பு வெடித்தது, 1954இல் காமராசர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. அதற்கு முன்பே 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி வேறு மாதிரி: கைத்தொழில் வழியாகவே கணக்கும் அறிவியலும், அதுவும் பள்ளிக்குள்ளே. அதை நடைமுறைக்குக் கொண்டுவர முன்னின்றவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்து ஆரியநாயகம். நம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதனிலும் அந்த வழியில் பள்ளி நடந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனாலும், கவனம் தப்பினால் ஒன்று இன்னொன்றாக மாறிவிடும். எனக்கே தப்பியது.

மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சித் தாத்தா ஒருவரைப் பிள்ளைகளிடம் பேசக் கூட்டிவந்தேன். "இவங்க பரம்பரையா இந்த வேலை பாக்குறவங்க" என்று பெருமையாகத்தான் அறிமுகப்படுத்தினேன். அவருடைய பேத்தி அதே வகுப்பில். தலையைக் குனிந்தவள் அன்று முழுக்க நிமிரவில்லை. மறுநாள் வந்து, "சார், இனிமே தாத்தாவக் கூப்பிடாதீங்க" என்றாள். 'பரம்பரையா' என்று நான் சொன்ன அந்த ஒரு சொல்லில் அவள் சாதியை, அவள் வருங்காலத்தை எல்லார் முன்னாலும் எழுதிவைத்துவிட்டேன் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சரி என்று சொன்னபிறகு அடுத்த முறை தாத்தாவோடு பாசனப் பிரிவு எஞ்சினியர் ஒருவரையும் அழைத்தேன். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நாற்காலி. மடையை எவ்வளவு திறந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எப்போது சேரும் என்பதில் இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை. பிள்ளைகள் காய்ந்த இலையை வாய்க்காலில் விட்டு, கூடவே ஓடி, நேரம் பார்த்தார்கள். அவர்கள் கணக்கு தாத்தா சொன்னதற்குப் பக்கத்தில் வந்தது. எஞ்சினியர் சிரித்துக்கொண்டே அதைத் தன் டைரியில் குறித்துக்கொண்டார்.

ஆகவே உங்கள் தீர்மானத்தில் இதையும் சேருங்கள்: எந்தப் பிள்ளையையும் அதன் வீட்டுத் தொழிலோடு சேர்த்துப் பேசக் கூடாது, மண் அள்ளுவதும் நோட்டில் எழுதுவதும் எல்லாருக்கும் முறைவைத்து வர வேண்டும்.

வருடத்துக்கு ஒரு சுற்றுலா போதாதா என்பீர்கள். பட்டணத்தில் கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி வந்து ஒரு நாள் சேற்றில் இறக்கிப் போட்டோ எடுக்கிறார்கள். அவர்களுக்கு அவ்வளவுதான் வாய்க்கும். நம் பிள்ளைகளுக்கு ஐப்பசியில் நிறைந்த கண்மாயும் பங்குனியில் சுருங்கிய கண்மாயும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அதே மரத்தில் நத்தைகுத்தி நாரை எப்போது வந்தது, எப்போது போனது என்று மூன்று வருடம் ஒரே நோட்டில் குறித்தால் அது சாதாரண நோட்டு இல்லை. ஊரில் என்னென்ன உயிரினங்கள், செடிகொடிகள் உண்டு என்று குறித்து, 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிகள் வைத்திருக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கு அதிலிருந்தே தகவல் கொடுக்கலாம். அதனால் என்ன லாபம் என்றால் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். டங்ஸ்டன் சுரங்க ஏல எல்லைக்குள் அது வந்தபோது, மக்கள் கையில் இருந்த வலுவான வாதங்களில் அந்த அறிவிப்பும் ஒன்று. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

தீர்மானம் போட்டால் எனக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். முதல் இரண்டு வெள்ளிக்கிழமை நானே வருகிறேன், பஸ் காசு கூட வேண்டாம். கயிறும் வாங்க வேண்டாம். மீட்டருக்கு ஒரு முடிச்சாக முப்பது முடிச்சுப் போட்ட கயிறு எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஒரு முடிச்சு மட்டும் அவிழ்ந்து போயிருக்கிறது, எது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு கணக்கு வாத்தியார்