அந்த ஒரு வகுத்தலைப் போடுங்கள்: மாவட்டச் சுகாதார அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்களுக்கும் ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் வணக்கம்.

தக்கலைப் பக்கம் தனியார் இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். நாங்கள் அச்சடித்துக் கொடுக்கும் தாள்களில் கல்லீரலைப் பற்றிப் பச்சையாகக் கிடக்கும் ஒரு செய்தியை யாரும் படிப்பதில்லை என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் வருபவர்களில் நூறு கிலோவைத் தாண்டியவர்கள் இப்போது அபூர்வமில்லை. பலர் கையில் ஸ்கேன் அறிக்கையும் இருக்கும்: ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’, அதாவது கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. “எல்லோருக்கும் இருப்பதுதான், எடையைக் குறையுங்கள்” என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். கிரேடு என்பது கொழுப்பு எவ்வளவு என்று மட்டுமே சொல்லும். கல்லீரலில் தழும்பு விழுந்து இறுகத் தொடங்கிவிட்டதா என்று சொல்லாது. பருமன் மிகுந்தவர்களுக்குப் படமே தெளிவாக விழுவதில்லை. கல்லீரலைக் கடைசியில் சுருக்கிவிடுவதோ அந்தத் தழும்புதான்.

ஒரு கணக்கு பாருங்கள். வயது 52, ஈரல் பாதிப்பைக் காட்டும் இரத்த நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி. 64, எஸ்.ஜி.பி.டி. 49, தட்டணுக்கள் (பிளேட்லெட்) 1,60,000. தனித்தனியாகப் பார்த்தால் யாரும் பதற மாட்டார்கள். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கினால் 3,328. தட்டணுவை ஆயிரக்கணக்கில் 160 என்று எடுத்து, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலமான 7-ஆல் பெருக்கினால் 1,120. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 2.97. இதுதான் ஃபிப்-4, ஈரலில் தழும்பு இருக்குமா என்று ஊகிக்க உதவும் எண். விடை 1.3-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. 65 வயதைக் கடந்தவர்களுக்கு அந்த எல்லை 2. விடை 2.67-ஐத் தாண்டினால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு அதிகம், கல்லீரல் மருத்துவரிடம் அனுப்பியே ஆகவேண்டும். இது சல்லடைதான், தீர்ப்பு அல்ல. ஆனால் புதிதாக ஊசி குத்த வேண்டாம், கைப்பேசியிலேயே போட்டுவிடலாம்.

மத்திய அரசு 2021 பிப்ரவரியிலேயே இந்த ஈரல் கொழுப்பு நோயைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தது. வீடு தேடி வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள், நல்ல காரியம். சர்க்கரையும் பருமனும் சேர்ந்தவர்களுக்கு இந்த வகுத்தலையும் போடச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இனி கொஞ்சம் கோபம். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஒரு மருத்துவமனையில் எடை இயந்திரத்தில் ஏறினார். எண் வரவில்லை, பிழைக்குறிதான் வந்தது. “ரப்பர் ஷீட் எடுக்கும் கடைத் தராசில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்” என்றார் அங்கிருந்தவர். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதன்பின் அந்த அக்கா எந்த மருத்துவமனைப் படியும் ஏறவில்லை. கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறார். சாராயம் குடித்துத்தான் ஈரல் கெட்டது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு வேறு!

ஆகவே 200 கிலோ வரை காட்டும் எடை இயந்திரம் வாங்குங்கள். இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டையில், பெரிய கைக்குப் பெரியதும் வையுங்கள். சிறிய பட்டை இரத்த அழுத்தத்தை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும், தேவையில்லாமல் மாத்திரை ஏறும். ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் கருவி வாங்கினால், பருத்த உடலுக்கான எக்ஸ்.எல். ப்ரோபையும் (உடலில் வைத்துப் பார்க்கும் முனை) சேர்த்து வாங்குங்கள்.

‘எடையைக் குறை’ என்பதையும் கிலோவில் சொல்லுங்கள். 130 கிலோ உள்ளவர் ஆறேழு கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 13 கிலோ குறைந்தால் தழும்பும் இளக வாய்ப்புண்டு. மரச்சீனிக் கிழங்கை விட்டுவிடு என்றால் நம் ஊரில் நடக்காது. கிழங்கைப் பாதியாக்கிச் சாளை மீனைக் கூட்டச் சொன்னால் கேட்பார்கள். அதிலும் குறையாதவர்களிடம் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றியும் மருந்துகள் பற்றியும் மரியாதையோடு பேசுங்கள்.

இந்த நோயாளிகள் பலரின் உயிரைக் கடைசியில் பறிப்பது கல்லீரல் அல்ல, இதயம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரம் ஒரு நாளாவது கல்லீரல், சர்க்கரை, இதயம் மூன்றையும் ஒரே கூரையின்கீழ் பார்க்க ஏற்பாடு செய்தால், கொல்லங்கோட்டிலிருந்து பஸ் ஏறி வருகிறவர் மூன்று நாள் கூலியை இழக்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
கல்குளம் வட்டத்து ஆய்வக நுட்பநர் ஒருவர்