சுமையோடு ஜெயித்த வண்டி

சுசூகா,
15.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? போன ஞாயிற்றுக்கிழமை ரேஸ் எப்படி இருந்தது என்று போனில் கேட்டீர்கள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் "நல்லா இருந்துச்சுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதை ஒரு வார்த்தையில் முடித்தது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

சூப்பர் ஜிடி என்று பெயர், ஜப்பானில் வருடா வருடம் நடக்கும் கார் ரேஸ் தொடர். வெளியிலிருந்து பார்த்தால் தெருவில் ஓடும் கார்கள் மாதிரிதான் இருக்கும். டொயோட்டா சுப்ரா, நிசான் இசட், இந்த வருடம் புதிதாக ஹோண்டா சிவிக். உள்ளே எல்லாமே ரேசுக்கென்று செய்தது. இன்ஜின் இரண்டு லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ. அதிலேயே 600 குதிரைசக்திக்கு மேல் எடுக்கிறார்கள். "நாலு சிலிண்டர்லயா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது! ஒரு காருக்கு இரண்டு பேர், பாதியில் ஆள் மாறுவார்கள். வேகமான ஜிடி500, அதைவிட வேகம் குறைந்த ஜிடி300 என்று இரண்டு பிரிவும் ஒரே நேரத்தில் ஓடும். முன்விளக்கு மஞ்சளாக இருந்தால் அது ஜிடி300.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு ஒன்று. இங்கே ஜெயித்த வண்டிக்குச் சுமை ஏற்றுகிறார்கள். ஒரு புள்ளிக்கு இரண்டு கிலோ. முதலிடத்துக்கு 20 புள்ளி என்றால் அடுத்த ரேசில் 40 கிலோ கூடுதல். ஜிடி500இல் 50 கிலோவைத் தாண்டினால் எடைக்குப் பதில் இன்ஜினுக்குப் போகும் எரிபொருளின் அளவைக் குறைத்துவிடுவார்கள். கடைசிக்கு முந்தைய ரேசில் சுமை பாதியாகும், கடைசி ரேசில் யாருக்கும் கிடையாது. நம் ஊர் ரேக்ளாவில் ஜெயித்த ஜோடிக்குச் சந்தையில் விலை ஏறும். இங்கே ஜெயித்தவனுக்கு எடை ஏறுகிறது. முதலில் இது அநியாயமாகத்தான் தோன்றியது. ஒரு சீசன் முழுக்கப் பார்த்த பிறகு இதைவிடச் சரியான ஏற்பாடு இல்லை என்றே நினைக்கிறேன். பின்னால் இருப்பவனுக்கு ஒவ்வொரு ரேசிலும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. முன்னால் இருப்பவன் அடுத்த முறை இன்னும் நன்றாக ஓட்டினால்தான் ஆகும்.

36ஆம் எண் சுப்ரா அப்படித்தான் ஓடியது. ஷோ சுபோய், கென்டா யமாஷிதா என்ற இருவர் ஓட்டுகிறார்கள். ஏப்ரலில் ஒகயாமாவில் முதல் ரேசையே ஜெயித்தார்கள், அதோடு சுமையும் ஏறிவிட்டது. நடுவில் மற்றவர்கள் ஜெயித்தார்கள். ஜூனில் இதே சுசூகாவில் மூன்று மணி நேர ரேஸ். அதை ஜெயித்த இருவரில் ஒருவர் ஜூலியானோ அலேசி, நீங்கள் டிவியில் பார்த்த ஃபெராரி ஓட்டுநர் ழான் அலேசியின் மகன். ஆகஸ்டு கடைசியில் மறுபடி இங்கே ரேஸ் இருந்தது. டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். புயல் வந்து டிசம்பருக்குத் தள்ளிப்போட்டார்கள். அன்று அறைக்குள் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டு கிடந்தது நினைவிருக்கிறது. அக்டோபரில் கியூஷூவில் உள்ள ஆட்டோபோலிஸ், நவம்பரில் மோட்டேகி, இரண்டையும் 36 ஜெயித்தது. ஆட்டோபோலிசில் பாதியாக்காத முழுச் சுமையோடு ஜெயித்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்புறம் போன வாரம், தள்ளிப்போட்ட அந்த சுசூகா ரேஸ்தான் சீசனின் கடைசி. சனிக்கிழமை தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்து, அதற்கான புள்ளி கிடைத்தபோதே அவர்களுக்குப் பட்டம் உறுதியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நிதானமாக ஓட்டிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அதையும் ஜெயித்தார்கள்.

பட்டறையில் என் பக்கத்து மெஷினில் வேலை செய்யும் பெரியவரோடு போயிருந்தேன். சுசூகா மலையிலிருந்து டிசம்பர் காற்று இறங்குகிறது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு எலும்பு வரை குளிர் ஏற்றினால் எப்படி இருக்கும், அப்படி. சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சூடான பொட்டலம் ஒன்று கொடுத்தார். அந்தக் குளிரில் டயர் சூடாவதே பெரும்பாடு. புது டயர் மாட்டிக்கொண்டு வெளியே வரும் கார் முதல் வளைவில் வழுக்கி வழுக்கிப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். ரேஸ் போகப் போக வளைவின் வெளிப்பக்கத்தில் டயர்த் துணுக்குகள் கறுப்பாகக் குவிகின்றன. நம் லேத்துக்கு அடியில் சாயங்காலம் கிடக்கும் இரும்புச் சீவல் மாதிரியே இருந்தது. கூட்டிப் பெருக்கக் கை பரபரத்தது.

நவோகி யமமோட்டோ என்ற ஓட்டுநருக்கு சூப்பர் ஜிடியில் அதுதான் கடைசி ரேஸ். 2018இல், முன்னாள் ஃபார்முலா ஒன் சாம்பியன் ஜென்சன் பட்டனோடு சேர்ந்து பட்டம் வென்றவர். போன வருடம் சுகோ ட்ராக்கில் பெரிய விபத்தில் கழுத்தில் அடிபட்டு, மீண்டு வந்து இந்த சீசன் ஓட்டினார். அவர் கார் எங்கள் முன்னால் போகும்போதெல்லாம் பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஜிடி300இல் பட்டம் லம்போர்கினி ஓட்டும் தகாஷி கொகுரேவுக்கு. 2010இல் ஜிடி500 பட்டம் வென்ற அதே ஆள், 14 வருடம் கழித்து.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊர் எது என்று இந்தப் பெரியவர் கேட்டார். கோயம்புத்தூர் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கார்த்திகேயன்?" என்றார். நம் ஊர் ரேஸ் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனைத்தான் சொன்னார். 2019இல் சூப்பர் ஜிடியில் நகஜிமா அணிக்காக 64ஆம் எண் ஹோண்டா ஓட்டியிருக்கிறார். அந்த நவம்பரில் ஜெர்மனிக் கார்களும் வந்து ஃபுஜியில் சேர்ந்து ஓடின, அதில் ஒரு ரேசை நரேன் ஜெயித்தார். பெரியவர் அன்று நேரில் பார்த்தாராம். எனக்கு அப்போது ஜப்பானிய மொழி பத்து வார்த்தைகூடத் தெரியாது. செட்டிபாளையம் கரி ட்ராக்குக்கு உங்கள் டிவிஎஸ்ஸில் உட்கார்ந்து போனதையும், வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் கையாலேயே காட்டிச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. அன்றிலிருந்துதான் இந்த ஊரில் எனக்கு ஒரு ஆள் இருக்கிறார்.

அடுத்த ஜூனில் ஒரு ரேஸ் மலேசியாவில் செபாங்கில் நடக்கப்போகிறது, 2013க்குப் பிறகு முதல் தடவை. உங்களுக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற இடம். நான் லீவு கேட்டுவிட்டேன். பட்டறையை அந்த ஒரு வாரம் மாமா பார்த்துக்கொள்வார், கேட்டாயிற்று. தை பிறந்ததும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுங்கள். ஆதார் அட்டையில் உங்கள் இனிஷியல் தப்பாக இருக்கிறது, முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

அன்பு மகன்,
செந்தில்