நெட்டாலுக்குப் போன பெரிய தாத்தாவைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார், கப்பலேறிப் போனார், திரும்பவே இல்லை. எங்கள் வீட்டில் சொல்லப்பட்டு வந்தது இவ்வளவுதான். இன்று அவர் போன வருடம், அப்போதைய வயது, அங்கே அவர் பெற்ற பிள்ளைகள் வரை தெரிந்துவிட்டது. கேட்டதும் அலைந்ததும் நான்தான், ஆனால் கொடுத்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி போளூர் பெரியத்தைக்கு. மகன் போன துக்கத்தில் பெரிய தாத்தாவின் தாய் பாடிய ஒப்பாரி, மருமகள் வழியாகப் பேத்திக்கு வந்திருக்கிறது. அந்தப் பேத்திதான் அத்தை. தொண்ணூறைத் தாண்டிய வயதிலும் வரி விடாமல் பாடிக் காட்டினார். அதில் தென்னாப்பிரிக்காவின் நெட்டால் வருகிறது, மாடு முட்டிய இடது தோள் தழும்பும் வருகிறது. பாட்டுத்தானே என்று அன்று யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அப்புறம், நெட்டாலின் துறைமுக நகரமான டர்பனில் கப்பல் பட்டியல்களைத் தன் ஓய்வு நேரத்தில் புரட்டிப் பார்த்துச் சொன்ன ஐயாவுக்கு. இந்தியர்களை ஏற்றிப் போன முதல் கப்பலான 'ட்ரூரோ' போய்ச் சேர்ந்த 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நெட்டாலுக்குப் போயிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் என்று பதிந்து வைத்திருக்கிறார்கள். "பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்காதீர்கள் தம்பி, தகப்பன் பெயரையும் தாலுகாவையும் பிடியுங்கள்" என்றார் ஐயா. வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா என்று தேடியதில் 1880-களில் அதே பெயரில் மூன்று பேர் நின்றார்கள். மூவரில் ஒருவருக்குத்தான் இடது தோளில் தழும்பு. அந்த வரியை ஐயா ஃபோனில் வாசித்தபோது நான் அழுதுவிட்டேன். அத்தையிடம் சொன்னபோது, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார்.

தழும்பு ஒன்றை வைத்து முடிவு கட்ட வேண்டாம் என்று சொன்னவர் எங்கள் ஊர்ப் பழைய கர்ணத்தின் (கிராமக் கணக்குப்பிள்ளையின்) பேரன். சரியான யோசனை. பரம்பரைக் கர்ணம் பதவி 1980-இல் ஒழிந்த பிறகும், தாத்தா கைப்பட எழுதிய நோட்டுகளை அவர் பரணில் பத்திரமாக வைத்திருந்தார். எங்கள் நிலத்தின் பழைய எண்ணை அதிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டோம். நிலத்தையும் வரியையும் பதிந்த பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் அண்ணன் தம்பி இருவர் பெயரும் தகப்பன் பெயரோடு ஒன்றாக இருந்தன. கப்பல் பட்டியலிலும் அதே தகப்பன் பெயர்தான். பொடிந்து உதிரும் தாள்களை எங்களுக்காகப் பொறுமையாகப் புரட்டிய ஊழியர்களுக்குக் கைகூப்பி நன்றி.

பெரிய தாத்தாவின் வழிவந்த டர்பன் அக்காவுக்கு என்ன சொல்ல? பட்டியலில் இருந்த அதே எண் போட்ட பழைய காகிதம் ஒன்றைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டி வைத்திருந்தீர்கள், எந்த ஊர் என்று தெரியாமலே. முன்பின் தெரியாதவன் அனுப்பிய கடிதத்தை நம்பிப் பதில் எழுதினீர்கள். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயர்களையெல்லாம் எழுதி அனுப்பினீர்கள். உங்கள் குடும்பத்தில் ஆடியில் கூழ் ஊற்றுவது இன்றும் நடக்கிறது என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு எங்கள் குலதெய்வக் கோயில் பூசாரிக்கு அவ்வளவு சந்தோஷம். உங்களுக்கும் பங்காளி வரி உண்டு என்று கணக்கில் எழுதிவிட்டார்.

வம்சாவளிப் படம் வரைந்து முடித்துவிட்டோம். பெரிய தாத்தாவின் மனைவி எந்த ஊர்ப் பெண் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அக்கா, உங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். இந்த மடலில் உள்ள எல்லோருக்கும் படத்தின் பிரதி தபாலில் வரும். பிழை இருந்தால் அதிலேயே சிவப்பு மையால் திருத்தி அனுப்பிவிடுங்கள்.

நன்றியுடன்,
போளூர்க் குடும்பத்தார் சார்பில்