கையில் டஸ்டரோடு கேட்ட கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 5 நெருங்கும்போதெல்லாம் பள்ளிகளில் மாணவர்கள் மேடையேறித் தங்கள் ஆசிரியர்களைப் புகழ்ந்து பேசுவதும், அது மறுநாள் நாளிதழ்களில் படத்தோடு வெளிவருவதும் வழக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்து 2023-இல் ஓய்வுபெற்ற நானும் அந்தப் புகழுரைகளை ஆண்டுதோறும் கேட்டு மகிழ்ந்தவன்தான். ஆனால் மற்ற நாட்களில் அந்தப் பிள்ளைகளின் கண்ணுக்கு நான் எப்படித் தெரிந்தேன் என்பது பணிக்காலத்தின் கடைசி மூன்று ஆண்டுகள் வரை எனக்குத் தெரியாது. அந்த அனுபவம் இன்று பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, பத்தாம் வகுப்புப் பாடங்களைக் கைப்பேசியில் பதிவுசெய்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவந்தேன். ஒருநாள் இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தல் முறையில் தீர்ப்பது பற்றிய பதிவை அனுப்புவதற்கு முன் ஒருமுறை ஓடவிட்டேன். சமையலறையிலிருந்த என் மகள் எட்டிப்பார்த்து, "ஏம்ப்பா பிள்ளைங்களைத் திட்டிக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டாள். யாரையும் திட்டவில்லையே என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டேன். பொதுவாகவே நம் குரலைப் பதிவில் கேட்டால் அந்நியமாகத்தான் இருக்கும். பேசும்போது மண்டையோட்டு எலும்பு வழியாகவும் நம் குரல் நம் செவிக்கு வந்துவிடுவதால், பிறர் கேட்கும் குரலை நாம் ஒருபோதும் அப்படியே கேட்பதில்லை. அன்று எனக்கு அந்நியமாகப் பட்டது குரல் மட்டுமல்ல. இருபது நிமிடப் பாடத்தில் "இது ரொம்ப சுலபம்" என்று பதினான்கு முறை சொல்லியிருந்தேன்.

பிள்ளைகளுக்குத் தைரியம் ஊட்டுவதாக நம்பித்தான் பல ஆண்டுகளாக அந்த வார்த்தையைச் சொல்லிவந்தேன். அடுத்த ஆண்டு ஒரு திருமண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் அமர்ந்த பழைய மாணவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். வெகுநேரம் தயங்கிவிட்டு, "நீங்க சுலபம்னு சொன்ன கணக்கு புரியலைன்னு எப்படி சார் கையத் தூக்குறது? அப்புறம் என்னை என்னன்னு நெனப்பீங்க?" என்றார். அவருக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. அப்போதும் இலையைப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

இந்த இடைவெளியை அளந்து காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. 1990-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி, எல்லோருக்கும் தெரிந்த பாடல்களின் தாளத்தைச் சிலரை மேசையில் விரலால் தட்டச் சொல்லி, எதிரே இருப்பவர்களை அது எந்தப் பாடல் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். தட்டியவர்கள் பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கணித்தார்கள். தட்டப்பட்ட 120-இல் சரியாகச் சொல்லப்பட்டவை மூன்றே மூன்று. தட்டுபவரின் மனத்துக்குள் மெட்டு ஒலித்துக்கொண்டே இருக்கிறது. எதிரில் இருப்பவருக்கோ வெறும் டொக் டொக் சத்தம்தான் கேட்கிறது. கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியரின் நிலைமையும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. என் உள்ளத்தில் இருந்த அக்கறை எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்ததால், வகுப்புக்கும் அதுதான் கேட்கிறது என்று எண்ணிவிட்டேன்.

பள்ளி திறந்தபின் மாணவர்களிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். பெயர் எழுதாத துண்டுச்சீட்டில், நான் பாடம் நடத்தும்போது எந்த இடத்தில் புரியாமல் போகிறது, நான் செய்வதில் எது பயமாக இருக்கிறது என்று எழுதச் சொன்னேன். முதல்முறை பெரும்பாலும் "நல்லா நடத்துறீங்க சார்" என்றே வந்தது. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்ற பயம்தான் அதற்குக் காரணம் என்று பிறகே உறைத்தது. அடுத்த முறை சீட்டுகளைப் பெட்டியில் போடச்செய்து, வகுப்புத் தலைவி அனைத்தையும் ஒரே தாளில் தன் கையால் எழுதித் தரவும், சீட்டுகளை மாணவர்களே கிழித்துப் போடவும் ஏற்பாடு செய்தேன். அதன் பிறகே உண்மை வந்தது. எழுதும்போது பலகையின் இடப்பாதியை நான் மறைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். இன்னொரு வரி இன்றும் என் மனத்தைவிட்டுப் போகவில்லை: "சந்தேகம் இருக்கான்னு கேக்குறீங்க, ஆனா கேக்கும்போதே டஸ்டரை எடுத்துடுறீங்க."

மாணவர்கள் சொல்வதெல்லாம் உண்மையாக இருக்கும் என்று நான் வாதிடவில்லை. டியூஷனுக்கு வருகிறவர்களிடம்தான் கேள்வி கேட்கிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் என் பணிக்காலத்தில் டியூஷன் எடுத்ததே இல்லை. முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் ஒரு வாரம் என்னையே கவனித்தபோது, வேகமாக விடை சொல்லும் ஐந்து பேரின் பெயரைத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறேன் என்பது தெரிந்தது. அந்தப் பிள்ளை சொன்ன காரணம் தவறு. கண்ட காட்சி சரி. அன்று மறுப்புச் சொல்லி என்னை நியாயப்படுத்தியிருந்தால், அடுத்த முறை யாரும் எதுவும் எழுதியிருக்க மாட்டார்கள்.

கல்லூரிகளில், உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை ஆராய்ந்து சான்றளிக்கும் 'நாக்' (NAAC) அமைப்பின் மதிப்பீட்டில் ஒரு பகுதியாக மாணவர்களின் கருத்து கேட்கப்படுகிறது. பள்ளிகளிலோ, 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள் இருக்கிறார்கள் என்றாலும், வகுப்பறைக்குள் ஆசிரியரை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பிள்ளைகள்தான். ஆகவே பருவத்துக்கு ஒருமுறை இப்படிப்பட்ட சீட்டு எழுதும் வழக்கத்தைப் பள்ளிகள் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு நிபந்தனை மட்டும் கட்டாயம் வேண்டும். அந்தத் தாள் அந்த ஆசிரியரிடமே இருக்க வேண்டும். தலைமையாசிரியருக்கோ மேலதிகாரிக்கோ அது போகக்கூடாது. ஒருவரைத் தண்டிக்கவோ இடமாற்றம் செய்யவோ அது பயன்படும் என்று தெரிந்த மறுநாளே ஆசிரியர் தற்காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார், மாணவர்களும் மறுபடி "நல்லா நடத்துறீங்க சார்" என்றே எழுதுவார்கள். பணியிடைப் பயிற்சி முகாம்களிலும், ஆசிரியர்கள் தங்கள் வகுப்பின் ஒலிப்பதிவைத் தாங்களே தனியே அமர்ந்து கேட்பதற்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு ஆசிரியர் தினப் பக்கத்தில் வாழ்த்துகளோடு, மாணவர்கள் பெயரில்லாமல் தங்கள் வகுப்பறையைப் பற்றி எழுதும் நான்கு வரிகளுக்கும் இடம் தாருங்கள். எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர் என்ற விவரம் அதில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திருவாரூர் மாவட்டம்.