ஈப்போ பஸ்ஸில் ஏற்றாதே

அன்புள்ள சரோ,

தீபாவளி வாழ்த்துக்குக்கூடப் பதில் போடவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய், தெரியும். இவருக்கு முட்டிவலி, மகனுக்கு இன்னும் கல்யாண எண்ணம் இல்லை, மற்றபடி எல்லாரும் சுகம்.

போன மாதம் விடியற்காலை 3 மணிக்கு என் சமையலறையில் குண்டு வெடித்தது. சிரிக்காதே. சீனப் பெருநாளுக்கு மேல்வீட்டு ஆன்டி கொடுத்த இரண்டு பெட்டி மண்டரின் ஆரஞ்சில், தோலை வீச மனசு வராமல் என்சைம் என்கிற ஊறல் தண்ணீர் போட்டேன். பினாங்கில் இது பழைய பைத்தியம்தான். பழுப்புச் சீனி 1 பங்கு, தோல் 3, தண்ணீர் 10, மூன்று மாதம் ஊறினால் தரை துடைக்கலாம். முதல் மாதம் வாயு கிளம்பும், பிளாஸ்டிக் போத்தலில் போட்டுத் தினமும் மூடியைத் திறந்துவிடச் சொல்வார்கள். நான் கெட்டிக்காரி இல்லையா, கண்ணாடிப் போத்தலில் போட்டு நாலு நாள் மறந்தும்விட்டேன். கேஸ் தோம்பு வெடித்துவிட்டது என்று இவர் சாரோங்கோடு வாசலுக்கு ஓடிவிட்டார், என்னை எழுப்பாமலே! 

இந்த வயதில் இது எதற்கு என்று கேட்பாய். அம்மா இப்போது என்னோடுதான். இளைப்பு. கழிப்பறைக்கு பிளீச் ஊற்றினாலே மூச்சு இழுக்கிறது, அதனால் கடைச் சாமானை நிறுத்தினேன். குத்துவிளக்குக்குப் புளியும் உப்பும், சிங்க்குக்குச் சோடா மாவு, கண்ணாடிக்குத் தண்ணீர் கலந்த வினிகர். சோடாவையும் வினிகரையும் சேர்த்து நுரை பொங்க வீடியோவில் காட்டுகிறார்களே, அதை மட்டும் நம்பாதே. ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது வெறும் உப்புத் தண்ணீர். அப்புறம் உன் மார்பிள் தரையில் வினிகர் படவே கூடாது, அரித்துவிடும்.

சரி, சொல்ல வந்தது வேறு. போன வாரம், மிச்சமிருந்த பிளீச்சை இவர் குளியலறையில் ஊற்றி வைத்திருக்கிறார், சொல்லவில்லை. நான் போய் அதன்மேலேயே வினிகரைத் தெளித்தேன். ஜன்னல் இல்லாத அறை, சரோ. கண் எரிந்து தொண்டை அடைத்த பிறகுதான் உறைத்தது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு என்று. அம்மா குளிக்கத் துண்டோடு கதவுக்கு வெளியே நிற்கிறார். கதவை அடித்துச் சாத்தி, அவரை இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் இரண்டு நாள் இருமல். வீட்டில் செய்தது, ஒன்றும் பண்ணாது என்று ஊரெல்லாம் பெருமை அடித்தவள் நான். அம்மாவைக் கொன்றிருப்பேனே என்று இன்னமும் ராத்திரியில் தூக்கம் கலைகிறது.

அம்மாவோ, “வினிகர் எதுக்கு, எலுமிச்சம்பழம் போதாதா?” என்கிறார். பிளீச்சோடு சேர்ந்தால் அதுவும் அதே வேலையைத்தான் செய்யும் என்று எப்படிப் புரியவைப்பது! பிளீச் போத்தலை வீட்டை விட்டே அனுப்பிவிட்டேன்.

இன்னும் இரண்டு போத்தல் என்சைம் ஊறுகிறது, இப்போது பிளாஸ்டிக்கில்தான். பள்ளி விடுமுறைக்கு வந்தால் ஒன்றை எடுத்துப் போ. அதற்குள் அவசரப்பட்டு வந்தாயானால் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திறந்து திறந்து விடு. ஈப்போ பஸ்ஸில் இன்னொரு குண்டு வெடித்தால் நம்மால் தாங்க முடியாது.

அன்புடன்,
தேவி